38 கிலோ மரியாதை

"தங்கச்சி, இதென்ன சாப்பாட்டுப் பெட்டியோ?"

மட்டக்களப்பில் ஒரு மண்டபம். நிகழ்ச்சி தொடங்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. எங்கட பேஸ்காரி தோள்பையிலிருந்து ஒரு சின்ன அம்ப் ஹெட்டை எடுத்து அங்க கிடந்த ஸ்பீக்கர் பெட்டிக்கு மேல வைத்தாள். அதைப் பார்த்துத்தான் அவர் இப்படிக் கேட்டார். முப்பது வருசமாக மேடையில் நிற்கிற கிற்றார்க்காரர், கெட்ட மனிசன் இல்லை, அண்டைக்கு எங்களுக்கு ரீயும் வாங்கித் தந்தவர். அவளும் சிரிச்சாள், நாங்களும் சிரிச்சம். பிறகு அவர் சொன்ன அடுத்த வசனத்துக்கு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை: "பேஸ் அம்ப் எண்டால் ரெண்டு பேர் பிடிச்சுத் தூக்க வேணும். அப்பதான் அதுக்கு ஒரு மரியாதை."

இந்தக் கதையை நாங்கள் கேட்பது இது மூன்றாவது தடவை. யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்காரர் சொன்னார், கொழும்பில் ஒரு சவுண்ட்காரர் சொன்னார். மூன்று பேரிடமும் வான் இருந்தது, தூக்குவதற்கு ஆட்களும் இருந்தார்கள். எங்களிடம் இருந்தது நாலு பஸ் ரிக்கெற். அதனால்தான் இதற்குப் பதில் எழுதுகிறோம். ஒரு அம்பின் பாரம், யார் மேடைக்கு வரலாம், யார் வீட்டில் நிற்கவேணும் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்தப் பாரத்தை மரியாதை எண்டு சொல்லுகிறவர்கள் கதவுக்கு உள்பக்கம் நிற்கிறார்கள்.

பேஸ் வாசிக்காதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பேஸ் கிற்றாரின் அம்ப் பெரும்பாலும் இரண்டு துண்டாக வரும். சத்தத்தைத் திருத்தி, பெருப்பித்துக் கொடுக்கிற துண்டுக்கு ஹெட் எண்டு பெயர். அதைக் காற்றாக மாற்றித் தள்ளுகிறது ஸ்பீக்கர் பெட்டி. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தால் அது கொம்போ. நாங்கள் தொடங்கியது கொம்போவில்தான். ஒருவரிடம் இரவல் வாங்கின பழைய சாமான், 15 அங்குல ஸ்பீக்கர். எவ்வளவு பாரம் எண்டு எங்களுக்குக் கனகாலம் தெரியாது. ஒருநாள் சுன்னாகத்தில் ஒரு வெங்காயக் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தம். 34 கிலோ. கடைக்கார அம்மா, "உதுக்குள்ள என்ன பிள்ளையள், கல்லோ?" எண்டு கேட்டா.

அந்தக் கல்லோடு நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்கு இரவு பஸ்ஸில் போனோம். கொண்டக்ரர் அதைப் பார்த்தவுடன் ஒரு சீற் காசு கேட்டார். கொடுத்தோம். ஆனால் சீற்றில் வைக்க விடவில்லை, சாரதிக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடிக்கு மேல வைக்கச் சொன்னார். விடியக் கை வைத்துப் பார்த்தால் அடிப்பக்கம் சுட்டது. பஸ் நிலையத்திலிருந்து மண்டபத்துக்கு அதுக்கெண்டு தனியாக ஒரு ஓட்டோ. அடுத்த பயணம் ஹற்றன். கொழும்பு கோட்டையில் இறங்கி மலைநாட்டு ரயிலுக்கு மாறவேணும். மேம்பாலப் படியில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறின எங்கட ட்ரம்ஸ்காரனுக்கு இண்டைக்கும் முதுகு பிடிக்கும்.

மூன்றாவது பயணம் திருகோணமலை. காசைக் கூட்டிப் பார்த்தம். நாலு ரிக்கெற், அம்புக்கு ஒரு ரிக்கெற், போக ஒரு ஓட்டோ, வர ஒரு ஓட்டோ. அழைத்தவர்கள் தருவதாகச் சொன்ன காசு அதோடு முடிஞ்சுது. அப்ப எங்களில் ஒருவன் சொன்னான்: "கீபோர்ட்டில இடக்கையால பேஸ் வாசிக்கலாந்தானே? இந்தமுறை மட்டும்." ஒருவரும் அவளை வரவேண்டாம் எண்டு சொல்லவில்லை. அவளும் சண்டை பிடிக்கவில்லை. "சரி, நீங்கள் போட்டு வாங்கோ" எண்டாள். அந்த 'இந்தமுறை மட்டும்' மூன்று நிகழ்ச்சி வரைக்கும் நீண்டது. இதை வேறு ஆரோ செய்யவில்லை, நாங்கள்தான் செய்தோம். ஒரு இசைக்குழு தன் ஆளை வீட்டில விட்டுவிட்டு ஒரு பெட்டியின் பாரத்தைக் காரணம் சொன்னது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேணும். அவள் எங்களுக்கு அதைச் சொன்னது பிறகுதான். அந்த 34 கிலோ இருந்த வரைக்கும் அவள் தனியாக ஒரு பயிற்சிக்கும் போனதில்லை. தூக்கித்தர ஒரு ஆம்பிளை தேவை. அண்ணா வரவேணும், இல்லாட்டி எங்களில் ஒருவன் வரவேணும். நிகழ்ச்சி முடிஞ்சால் தூக்குகிறவர் எல்லாரோடும் கதைச்சு முடிக்கும்வரை அவள் மேடை ஓரத்தில் நிற்கவேணும். அதற்குள் கடைசி பஸ் போய்விடும், அம்மாவின் கோல் வந்துவிடும். "பொம்பிளைப் பிள்ளையள் ஏன் பேஸ் வாசிக்க வருகினமில்லை" எண்டு ஒவ்வொரு வருசமும் ஆராவது கேட்பினம். கொஞ்சம் பெட்டியையும் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

சரி, இந்தப் பாரம் எங்க இருந்து வந்தது? 1969இல் அமெரிக்காவின் அம்பெக் நிறுவனம் எஸ்.வி.டி. எண்டு ஒரு ஹெட்டை வெளியிட்டது. 300 வாட், உள்ளே 14 வால்வுகள். ஹெட் மட்டும் 38 கிலோ அளவில் வரும். அதோடு சேர்த்துப் பேசப்படுகிற, எட்டுப் பத்தங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டி 60 கிலோவைத் தாண்டும். அந்த வருசமே ரோலிங் ஸ்டோன்ஸ் அதைத் தங்கட அமெரிக்கப் பயணத்துக்குக் கொண்டு போனார்கள். பேஸ் அம்ப் எண்டு சொன்னால் பலரின் மனதில் இன்றைக்கும் வருகிற படம் அதுதான்: ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி, மேல ஒரு இரும்புப் பெட்டி.

அது அருமையான சாமான். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் அது ஏன் அப்படிச் செய்யப்பட்டது எண்டு பாருங்கோ. அந்தக் காலத்து மேடைகளில் சபைக்கு முன்னால் நிற்கிற பெரிய ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் குரலுக்குத்தான். பேஸ் சத்தம் கடைசி வரிசைக்குப் போகவேணும் எண்டால், மேடையில் நிற்கிற பேஸ் அம்பே அந்த வேலையைச் செய்யவேணும். இன்றைக்கு எங்கட ஊர்ச் சவுண்ட் செற்றிலேயே பேஸுக்கு ஒரு லைன் எடுக்கிறார்கள். மேடை அம்பின் வேலை மேடையோடு முடிகிறது: வாசிக்கிறவளுக்குத் தன்ர சத்தம் கேட்கவேணும், ட்ரம்ஸ்காரனுக்கு அவள் எங்க நிற்கிறாள் எண்டு தெரியவேணும். வேலை சின்னதாகி ஐம்பது வருசத்துக்குக் கிட்ட வந்துவிட்டது, மரியாதை மட்டும் இன்னும் 1969இலேயே நிற்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸுக்கு லொறி இருந்தது எண்டதையும் மறக்கக்கூடாது.

இரும்பு எங்க போனது எண்டு ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும். பாரம் குறைந்தால் ஏதோ ஏமாத்துவேலை எண்டுதான் மனம் நினைக்கும். உங்கட வீட்டில் பழைய றேடியோ அடப்ரர் ஒன்று கிடந்தால் எடுத்துக் கையில பிடிச்சுப் பாருங்கோ. பிறகு உங்கட ஃபோன் சார்ஜரைப் பிடிச்சுப் பாருங்கோ. சார்ஜர் அதைவிடக் கூடுதலான சக்தி தரும், பாரமோ கால்வாசி இல்லை. அதே மாற்றம்தான் அம்பிலும் நடந்தது. சுவரில் இருந்து வருகிற கரண்ட் செக்கனுக்கு 100 தடவை திசை மாறும். அந்த மெதுவான கரண்டைக் கையாளப் பெரிய இரும்பு ட்ரான்ஸ்போமர் வேணும். புது முறையில் கரண்டை முதலில் நேர்மின்னாக்கி, பிறகு செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறார்கள். வேகம் கூடினால் ட்ரான்ஸ்போமர் சின்னனாகும். கைக்குள் அடங்கும் அளவுக்குச் சின்னனாகும்.

மற்றப் பாதி கிளாஸ் டி எண்ட முறை. பழைய ட்ரான்சிஸ்ரர் அம்ப் பைப்பை அரைவாசி திறந்து வைத்திருப்பது போல. அரைவாசி திறந்திருக்கும்போது அதில் ஒரு பங்கு சக்தி சூடாக வீணாகும், அந்தச் சூட்டை வெளியேற்ற அலுமினியத் தகடுகள் வேணும். கிளாஸ் டியில் பைப் ஒண்டில் முழுக்கத் திறந்திருக்கும், இல்லாட்டி முழுக்க மூடியிருக்கும், அதை மிக வேகமாகத் திறந்து மூடித்தான் சத்தத்தின் வடிவம் செய்யப்படுகிறது. உள்ளே போகிற சக்தியில் 90 வீதம் அளவு ஸ்பீக்கருக்கே போய்ச் சேரும். சூடு குறைவு, தகடு குறைவு, பெட்டி சின்னன். இது நேற்றுத் தொடங்கின கதையும் இல்லை. வால்டர் வூட்ஸ் எண்ட அமெரிக்கர் 1970களிலேயே கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவில் அம்ப் செய்து கொடுத்தார். ஜாஸ் வாசிக்கிற பேஸ்காரர் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள். அவர்களும் டக்ஸியிலயும் ரயிலிலயும் போனவர்கள்தானே.

இன்றைக்கு இத்தாலியின் மார்க்பேஸ் லிற்றில் மார்க் 3 எண்ட ஹெட் மூன்று கிலோவுக்கும் குறைவு, 500 வாட். அமெரிக்காவின் அகுய்லார் ரோன் ஹமர் 500 இரண்டு கிலோவுக்கும் குறைவு. ட்ரேஸ் எலியற் எல்ஃப் முக்கால் கிலோ அளவு, ஒரு சீனிப் பைக்கற்றை விடக் குறைவு, அதுவும் 200 வாட். இதில் ஒன்றையும் வாங்கச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. 34 கிலோவை ஒரு தகுதி மாதிரிக் கதைக்கிறவர்கள் இந்த எண்களுக்கு முன்னால் நிண்டு கதைக்கவேணும் எண்டு மட்டும்தான்.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லையெண்டு சொல்லமாட்டோம். வால்வு அம்பைக் கொஞ்சம் கஷ்டப்படுத்தினால் அது சத்தத்தை அமுக்கி, தடிப்பாக்கித் தரும். அதைக் கேட்டு வளர்ந்த காதுக்குப் புது ஹெட்டுகள் சில மெலிசாகக் கேட்கும், உச்சத்துக்குப் போனால் மதிலில் முட்டின மாதிரி நிண்டுவிடும். உண்மை. ஆனால் நாங்கள் வாசிக்கிற மண்டபங்களில், தகரக் கூரைக்குக் கீழே, பக்கத்தில் ஜெனரேற்றர் உறுமிக்கொண்டிருக்க, அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவர் ஆராவது இருந்தால் அவரை எங்கட குழுவில் சேர்க்கிறோம்.

எங்களுக்கு உண்மையில் பதில் சொல்லக் கஷ்டமான எதிர்வாதம் வேறொன்று. அதை அந்த மட்டக்களப்பு அண்ணை சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கட சாமான் எல்லாம் திருத்தித் தருகிற அண்ணை சொன்னார். பழைய கொம்போ பழுதானால் அவர் மூடியைக் கழற்றி, எரிஞ்ச துண்டை மணந்தே கண்டுபிடிச்சு, பெட்டியில் கிடக்கிற ஏதோ ஒன்றைப் பூட்டி, பின்னேரம் கையில் தருவார். எங்கட புது ஹெட்டைத் திறந்து டோர்ச் அடிச்சுப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "தம்பியவை, இதில அயன் வைக்க இடமில்லை" எண்டு சொல்லி மூடிப்போட்டார். அரிசி மணியைவிடச் சின்னத் துண்டுகள், ஒட்டினபடி. பழுதானால் பலகையோடு மாற்றவேணும், அந்தப் பலகை இஞ்ச கிடைக்காது. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து இரண்டு மூன்று மாதத்தில் 360 ரூபா தாண்டினதைப் பார்த்த எங்களுக்கு, வெளிநாட்டில் இருந்து ஒரு பலகை எடுப்பது என்றால் என்ன எண்டு தெரியும்.

இதற்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. பாதிப் பதில் இருக்கிறது. ஒன்று, இரண்டு கிலோ சாமானை வெளிநாட்டுக்குப் போகிற ஆரிட்டயும் கைப்பையில் கொடுத்து அனுப்பலாம், 34 கிலோவை அனுப்ப ஏலாது. இரண்டு, மேடையில் ஹெட் செத்தால் நிகழ்ச்சி சாகக்கூடாது. அதற்காக ஒரு சின்ன டி.ஐ. பெட்டியை எப்போதும் பையில் வைத்திருக்கிறோம். ஹெட் போனால் கிற்றாரை அதன் வழியாக நேரே சவுண்ட்காரரின் மிக்சருக்குக் கொடுத்து வாசிப்போம். ஒருமுறை அப்படி வாசிச்சும் இருக்கிறோம். ஆனால் அந்த அண்ணையின் தொழில் எங்கட வசதியோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, அதை மறைக்க எங்களுக்கு விருப்பமில்லை.

இந்த இடத்தில் இன்னொரு கூட்டம் குறுக்கே வரும்: "அப்பிடியெண்டால் அம்பே வேண்டாமே, எல்லாத்தையும் நேர மிக்சருக்குக் குடுங்கோவன்." இதைச் சொல்லுகிறவர் பெரும்பாலும் சவுண்ட்காரர், இல்லாட்டி காதுக்குள் மொனிற்றர் போட்டு வாசிக்கிற கொழும்புக் குழுக்கள். நல்ல சவுண்ட் செற், ஆளுக்கொரு மொனிற்றர் உள்ள இடத்தில் அது சரி. நாங்களும் அங்க அப்படித்தான் செய்வோம். ஆனால் ஒரு பாடசாலை மண்டபத்தை நினைச்சுப் பாருங்கோ. முன்னால் இரண்டு ஸ்பீக்கர், மேடைக்கு ஒரே ஒரு மொனிற்றர், அதுவும் பாடகனுக்கு. பேஸின் ஆகக் கீழ்ச் சுரம் 41 ஹேர்ட்ஸ். அந்த முன்ஸ்பீக்கரால் அதை ஒழுங்காகத் தரவும் ஏலாது, பின்னால் நிற்கிற அவளுக்கு வருவது சுவரில் பட்டுத் திரும்புகிற எதிரொலிதான், அதுவும் பிந்தி. அதைக் கேட்டு வாசிச்சால் குழு முழுக்க இழுபடும். கீபோர்ட்டில் இடக்கையால் பேஸ் வாசிச்ச மூன்று நிகழ்ச்சியிலும் எங்களுக்கு நடந்தது அதுதான்.

இனி எங்கட பக்கத்துப் பெடியளோடு ஒரு சண்டை. பாரத்தைக் கும்பிடுகிறவர்களை விட்டுவிட்டு நீங்கள் வாட்டைக் கும்பிடத் தொடங்கிவிட்டீர்கள். "மச்சான், என்ர 800 வாட்." என்ன கோதாரிக்கு? சக்தியை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டும். கவனமாகக் கேட்டால் 'கொஞ்சம் கூடினது' எண்டு தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கவேணும் எண்டால் கிட்டத்தட்டப் பத்து மடங்கு சக்தி வேணும். 500க்கும் 800க்கும் இடையில் இருப்பது 2 டெசிபெல், அதற்காக நீங்கள் கொடுக்கிற காசு எத்தனை பயணத்தின் பஸ் காசு எண்டு கணக்குப் பாருங்கோ. அதே 3 டெசிபெல்லைக் கூடுதல் உணர்திறன் உள்ள ஒரு ஸ்பீக்கர் பெட்டி ஒரு வாட்டும் கூட்டாமல் தரும். பெட்டியின் பின்னால் எழுதியிருக்கிற அந்த எண்ணை வாசிக்கிற ஆட்களை நாங்கள் இன்னும் காணவில்லை.

பெட்டியில் எழுதியிருக்கிற வாட் எந்த ஓமுக்கு எண்டும் பார்க்கவேணும். பெரும்பாலும் அது 4 ஓமுக்கு. ஊரில் இரவல் கிடைக்கிற ஒற்றைப் பெட்டி பெரும்பாலும் 8 ஓம். நான் மேலே சொன்ன, இல்லை, நாங்கள் மேலே சொன்ன லிற்றில் மார்க் 8 ஓமில் 300 வாட், ரோன் ஹமர் 250, எல்ஃப் 130. உங்கட 500 மேடையில் 250தான். இரண்டு 8 ஓம் பெட்டியைச் சேர்த்துக் கொழுவினால் 4 ஓம் ஆகும், அப்பதான் முழுச் சக்தி வரும். மூன்றாவதையும் கொழுவினால் 4 ஓமுக்கும் கீழ போகும், ஹெட்டின் பின்னால் 'குறைந்தது 4 ஓம்' எண்டு இருந்தால் அது பாதுகாப்புக்காக நிண்டுவிடும், இல்லாட்டி எரியும். ஒரு ட்ரம்ஸும் ஒரு கிற்றாரும் உள்ள எங்களைப் போன்ற குழுவுக்கு 8 ஓமில் 200க்கு மேல் கிடைத்தால் போதும் எண்டது எங்கட அனுபவம். மெதுவாக வாசிக்கிற ட்ரம்ஸ்காரன் கிடைத்தால் எல்ஃபும் போதும். எங்களுக்கு அப்படி ஒருவன் கிடைக்கவில்லை.

அடுத்தது கரண்ட். இதை அழுத்திச் சொல்லவேணும், ஏனெண்டால் எங்களுக்குத் தெரிந்த ஒரு குழுவின் சேமிப்பு இதில் ஒரு செக்கனில் போனது. ரொறன்ரோவில் இருக்கிற மாமா ஊருக்கு வரும்போது ஒரு ஹெட் கொண்டு வந்தார். பாவிச்சது, நல்ல விலை, அருமையான மனிசன். கனடாவில் சுவரில் வருவது 120 வோல்ட், எங்களுக்கு 230. பிளக்குக்கு ஒரு மாற்றியைக் கொழுவி மண்டபத்தில் போட்டார்கள். ஒரு சின்ன 'டப்', ஒரு மணம். சில ஹெட்டுகளில் பின்னால் '100 முதல் 240 வரை' எண்டு எழுதியிருக்கும், அது எங்கயும் ஓடும், ஜெனரேற்றர் தடுமாறி 190க்கு இறங்கினாலும் பெரிதாகக் கவலைப்படாது. சிலதில் ஒரு மாற்றுச் சுவிட்ச் இருக்கும். சிலதில் ஒன்றும் இருக்காது, விற்ற நாட்டுக்கு மட்டும்தான். ஒரே மொடல் நாட்டுக்கு நாடு மாறியும் வரும். ஆகவே மாமா காசு கொடுக்க முதல், "பின்பக்கத்தை ஒருக்கால் படம் எடுத்து அனுப்புங்கோ மாமா" எண்டு கேளுங்கோ. கேட்டால் அவர் கோபிக்கமாட்டார்.

எங்கட ஹெட் லண்டனிலிருந்து வந்த ஒரு பழைய லிற்றில் மார்க். 230 வோல்ட் நாடு, பிளக்கும் எங்கட 13 அம்பியர் சதுரப் பிளக்தான். ஆனால் பழைய மண்டபங்களில் சுவரில் இருப்பது இன்னும் வட்ட ஓட்டைதான், ஆகவே மாற்றி ஒன்று பையில் இருக்கவேணும்.

வாங்க முதல் நாங்கள் பார்த்ததில் வாட் கடைசிதான். முதலில் டி.ஐ. வெளியீட்டைப் பார்த்தோம். அதில் நிலக்கம்பியைத் துண்டிக்கிற சுவிட்ச் இருக்கோ? எங்கட மண்டப வயரிங்குக்கு அது இல்லாட்டி நிகழ்ச்சி முழுக்க ஒரு வண்டு ரீங்காரம் இடும். மேடையில் அவள் குமிழைத் திருப்பினால் வெளியில சவுண்ட்காரருக்கும் மாறாமல் இருக்க 'முன்', 'பின்' எண்டு தெரியிற சுவிட்ச் இருக்கோ? பிறகு நடுச்சுரங்கள். லிற்றில் மார்க்கில் நடுவுக்கு இரண்டு குமிழ் இருக்கிறது, எங்கட தகரக் கூரை மண்டபங்களில் பேஸ் கேட்பதும் கேட்காமல் போவதும் அந்த இரண்டிலும்தான். அதிலேயே நடுவைக் குழிவாகத் தோண்டி எடுக்கிற குமிழ் ஒன்றும் இருக்கிறது. வீட்டில் தனியாக வாசிக்க இனிமை, குழுவோடு வாசிக்கும்போது பேஸ் காணாமல் போகும். அதை நாங்கள் ஒரு ரேப் துண்டால் ஒட்டி வைத்திருக்கிறோம். கீழ்ச் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி மண்டபத்தை முழக்கினவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளவேணும். அங்க குறைக்கத்தான் வேணும்.

இதுவரைக்கும் ஒரு பொய்யை மறைச்சுக்கொண்டு வந்திருக்கிறோம், கவனிச்சவர்கள் பிடிச்சிருப்பீர்கள். ஹெட் மூன்று கிலோவுக்கும் குறைவு, சரி. பெட்டி? பெட்டியைப் பையில் போட ஏலாது. லேசான காந்தம் உள்ள புது ஸ்பீக்கர் போட்டாலும் பஸ்ஸில் அது ஒரு ஆள்தான்.

ஆகவே நாங்கள் பெட்டி கொண்டு போவதை விட்டுவிட்டோம். பேஸின் குரல் எங்களோடு போகிறது, காற்றைத் தள்ளுகிற வேலையை அந்தந்த ஊர்ப் பெட்டி செய்கிறது. மட்டக்களப்பில் ஒரு தேவாலயக் குழுவின் பெட்டி. ஹற்றனில் ஒரு ஆசிரியரின் பழைய பெட்டி. திருகோணமலையில் ஒருக்கால் பெட்டியே கிடைக்கவில்லை, அண்டைக்கு ஹெட்டை ஸ்பீக்கர் இல்லாமலே போட்டு, டி.ஐ. வழியாக மட்டும் கொடுத்தோம், அந்த ஒற்றை மொனிற்றரையும் கெஞ்சிக் கேட்டு அவளின் காலடிக்கு இழுத்தோம். வால்வு அம்பை அப்படி ஸ்பீக்கர் இல்லாமல் ஓடவிட்டால் அதன் ட்ரான்ஸ்போமர் எரியும், இதற்கு ஒன்றும் ஆகாது. பையில் இரண்டு வகை ஸ்பீக்கர் வயர் வைத்திருக்கிறோம், பூட்டித் திருப்புகிற ஸ்பீக்கொன் ஒன்று, சாதாரண ஜக் ஒன்று, ஏனெண்டால் எந்த ஊரில் என்ன ஓட்டை எண்டு தெரியாது. கிற்றார் வயரை ஸ்பீக்கருக்குக் கொழுவாதேங்கோ. ஸ்பீக்கர் ஓட்டையில் இருந்து மிக்சருக்கு வயர் இழுக்கிற சவுண்ட்காரரைக் கண்டால் ஓடிப்போய்த் தடுங்கோ, கிளாஸ் டி ஹெட் பலதுக்கு அது மரணம்.

இந்தத் தீவில் பேஸ் வாசிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெட்டி வாங்கத் தேவையில்லை. ஒரு ஊருக்கு நல்ல பெட்டி ஒன்று, ஒரு வாசிகசாலையிலயோ தேவாலயத்திலயோ ரியூசன் கொட்டிலிலயோ, ஆரும் கேட்டு எடுக்கக்கூடிய மாதிரி இருந்தால் போதும். யாழ்ப்பாணத்தில் எங்கட பெட்டி அப்படித்தான் கிடக்கிறது. இதுவரைக்கும் நாலு குழு எடுத்திருக்கு. ஒருவர் ஒரு மூலையை உடைச்சுக் கொண்டுவந்தார், தச்சுவேலை தெரிஞ்சவர், தானே ஒட்டித் தந்தார்.

அந்த மட்டக்களப்பு நிகழ்ச்சியில் என்ன நடந்தது எண்டு கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வாசிச்சோம். அண்ணை பின்வரிசையில் இருந்து கேட்டார். முடிய வந்து ஹெட்டைக் கையில் எடுத்து, திருப்பி, அடிப்பக்கம் பார்த்து, "உள்ள ஒண்டும் இல்லை போல கிடக்கு" எண்டார். மனம் மாறினாரோ தெரியாது, நாங்களும் கேட்கவில்லை. அவள் அதை வாங்கிப் பையில் போட்டாள். ஒன்பதரை பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

அடுத்த மாதம் மன்னார். அங்க எங்களுக்கு ஆரையும் தெரியாது. 8 ஓம் பெட்டி ஒன்று வைத்திருக்கிறவர் இதை வாசிச்சால் அறிவியுங்கோ. ஸ்பீக்கொனோ ஜக்கோ, வயர் எங்களிடம் இருக்கு.